கரும்பச்சைக் கட்டங்கள்

செப்டம்பர் 4

அக்காவுக்குத் தம்பி எழுதுவது.

நானும் உன் தம்பி பெண்டாட்டியும் சௌக்கியம். இந்த மாடி வீட்டுக் காற்று எங்களுக்கு ஒத்துக்கொண்டுவிட்டது. தண்ணீர்தான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, அவளுக்குத் தொண்டைக் கட்டு. உன் முழங்கால் வலி எப்படி? மாமா பம்ப்செட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு சாப்பாட்டை மறக்கிறாரா, திருந்திவிட்டாரா?

போனை விட்டுவிட்டு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போன தடவை போனில் என்ன நடந்தது என்று நினைத்துப்பார். குசலம் விசாரித்து முடிப்பதற்குள் சண்டை, சண்டை முடிவதற்குள் நீ வைத்துவிட்டாய். அதற்கு முந்தின தடவையும் அதே கதை. "எழுதினா யாரும் குறுக்க பேச முடியாது, ரெண்டு பேரும் ஒரு வாக்கியமாவது முழுசா முடிக்கலாம்" என்று இவள்தான் யோசனை சொன்னாள்.

புது ஆபீசில் என்ன வேலை என்று கேட்டாயே, சொல்கிறேன். நம் ஆற்றில் எந்தெந்த நிலத்து மழைத்தண்ணீர் வந்து சேருகிறதோ அத்தனை நிலத்தையும், மலையடி முதல் கடைமடை வரை, செயற்கைக்கோள் படம் எடுத்து அனுப்புகிறது. படம் முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள். ஒரு கட்டம் நம் வீட்டு அளவு இருக்கும். அதில் மரம் தனியாய்த் தெரியாது, பச்சை மட்டும்தான் தெரியும். அந்தப் பச்சை வயலா, தோப்பா, புல்லா என்று கண்டுபிடித்து நிறம் தீட்ட வேண்டும். மனிதன் உட்கார்ந்து பார்த்தால் ஆயுள் போதாது. அதனால் கணினிக்குச் சில இடங்களைக் காட்டி, "இது தோப்பு, நன்றாகப் பார்த்துக்கொள்" என்று சொல்லிக்கொடுக்கிறோம். மிச்சத்தை அது தானே கண்டுபிடிக்கும். அணையில் மிஞ்சுகிற, இதுவரை எல்லோருக்கும் சமமாய் விட்ட கோடைத் தண்ணீரை இனி இந்த வரைபடத்தைப் பார்த்துத்தான் பிரிக்கப்போகிறார்கள். பழமரம் இருக்கிற நிலத்துக்கு முதலில், மற்றவர்களுக்கு மிஞ்சினால். மரம் செத்தால் திரும்ப வளர்க்க வருடக்கணக்காகும் அல்லவா.

தோப்புக்கு மாதிரி தேடியபோது என் கண் நேரே நம் கொய்யாத் தோப்புக்குத்தான் போயிற்று. அடுத்த மாதம் இடம் காட்டும் கருவியோடு வந்து நிற்கிறேன். கல்யாணத்துக்குப் பிறகு நான் அங்கே வரவேயில்லை. கிளம்பும்போதெல்லாம் நீயே முந்திக்கொண்டு இங்கே வந்துவிடுகிறாய். மரங்களெல்லாம் எப்படி இருக்கின்றன?

பதில் போடு. போடாவிட்டால் போன் செய்வேன், ஜாக்கிரதை.

தம்பி


செப்டம்பர் 21

வாண்டுக்கு,

முழங்கால் என் பேச்சைக் கேட்கிறது. மாமா யார் பேச்சையும் கேட்பதில்லை. மற்றபடி எல்லோரும் நலம். அவளுக்குத் தொண்டைக் கட்டு என்றால் வெந்நீர் குடிக்கச் சொல், நீ போட்டுக்கொடு. அவளையே போட்டுக் குடிக்கச் சொல்லாதே.

உன் கடிதத்தை மாமா சத்தமாய்ப் படித்தார். கணினிக்குப் பாடம் சொல்லித்தருகிறாயாமே. நீ ஏழாம் வாய்ப்பாட்டில் மாதக்கணக்காய் நின்றது அதற்குத் தெரியுமா? நான் வேண்டுமானால் ஒரு வரி எழுதிப்போடவா?

இப்போது வராதே. பாலத்தை உடைத்துப் போட்டிருக்கிறார்கள், சுற்றி வருகிற வழியெல்லாம் சேறு. உன் ஆபீஸ் செருப்பை அதிலேயே விட்டுவிட்டுப் போவாய். மழை முடியட்டும், பார்க்கலாம்.

பஸ் டிரைவரிடம் ஒரு கூடை கொய்யா கொடுத்தனுப்பியிருக்கிறேன். மரத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். பழத்தைத் தின்றுவிட்டு நீயே சொல்.

இதைப் புல் நறுக்குகிற மிஷினுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு எழுதுகிறேன். கோழி கிண்டின மாதிரி இருந்தால் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொள். விடிவதற்கு முன் எழுந்தால்தான் வேலை ஓடுகிறது.

அக்கா


அக்டோபர் 6

அக்காவுக்கு,

தொண்டை சரியாகிவிட்டது. வெந்நீர் நான்தான் போட்டேன், சாட்சி வேண்டுமானால் இவளைக் கேள். நீங்கள் மழையில் நனையாமல் இருக்கிறீர்களா?

கூடை வந்தது. திறந்ததுமே வீடெல்லாம் மணம். கடையில் வாங்குகிற பழத்துக்கு இந்த மணம் வராது அக்கா, நம் தோப்புப் பழத்தின் மணமே தனி. இவளிடம் அதைப் பற்றி ஒரு சொற்பொழிவே நடத்தினேன். அவள் சிரித்துக்கொண்டே தின்றாள். புல் மிஷின் வாங்கிவிட்டாயா? தோப்பில் களை அவ்வளவு மண்டிவிட்டதா?

எனக்கு மேலே ஒரு அதிகாரி அம்மா. ஆபீசில் அவருக்குப் பெயர் பூதக்கண்ணாடி. எதைக் கொடுத்தாலும் மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். "படத்துல பச்சையாத் தெரிஞ்சா மரம்னு அர்த்தம் இல்ல தம்பி. மாதிரின்னு எழுதினா அங்க போய் நின்னிருக்கணும், போட்டோ எடுத்திருக்கணும்" என்று சட்டம் வைத்திருக்கிறார். மற்ற இடங்களுக்கெல்லாம் ஆள் போய்விட்டு வந்தாயிற்று. மலையடிப் பக்கம் தோப்புக்கு நம்முடையதுதான் பெரிய மாதிரி. நீயோ வராதே என்கிறாய், தேதியோ நெருங்குகிறது.

கடைசியில் போகாமலே எழுதிவிட்டேன். பிறந்து வளர்ந்த இடம் எனக்குத் தெரியாதா? போட்டோவுக்கு, கல்யாணம் முடிந்த வாரம் தோப்பில் நாம் எல்லோரும் நின்று எடுத்தோமே, அதில் நம்மை வெட்டிவிட்டு மரத்தை மட்டும் ஒட்டிவிட்டேன். உன் பின்னல் வந்த இடத்தை வெட்டத்தான் கஷ்டமாய் இருந்தது.

தம்பி


நவம்பர் 3

வாண்டுக்கு,

நாங்கள் சுகம். மாமாவுக்கு இருமல், கஷாயம் என்றால் ஓடுகிறார்.

களை இல்லாத நிலம் எங்கே இருக்கிறது, சொல். வேலை தலைக்கு மேல் கிடக்கிறது, அதனால்தான் பதில் தாமதம்.

ஒரு சந்தேகம். ஒரு இடத்தைத் தப்பாய்க் காட்டிவிட்டால் உன் கணினி என்ன செய்யும்? சும்மாதான் கேட்கிறேன்.

நன்றாய்ச் சாப்பிடு. அவளையும் சாப்பிடச் சொல்.

அக்கா


நவம்பர் 24

அக்காவுக்கு,

மாமாவின் இருமல் நின்றதா? இங்கே நாங்கள் தரையில் நடக்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

வரைபடம் முடிந்தது! முழு ஆறும் அதன் நிலமும் ஒரு சுவர் அளவுக்கு. வீடு சிவப்பு, வயல் மஞ்சள், புல் இளம்பச்சை, தோப்பு கரும்பச்சை. நம் தோப்பின் பாதிக் கட்டங்களைக் கணினிக்குப் பாடமாய்க் காட்டினேன், மிச்சப் பாதியை வைத்துப் பரீட்சை வைத்தேன். நூற்றுக்குத் தொண்ணூற்றேழு. பூதக்கண்ணாடி முகத்தில் புன்னகை மாதிரி ஏதோ ஒன்று வந்து போனது. பழைய சர்வேயில் இருந்ததைவிடத் தோப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு, அத்தனையும் நம் பக்கத்து ஆற்றோரத்தில். ஜனவரியில் என் வேலையை நிரந்தரமாக்கும் உத்தரவு வந்துவிடும். இவள் இப்போதே திரைச்சீலைக்குத் துணி பார்க்கிறாள்.

உன் சந்தேகத்துக்குப் பதில்: கணினி சொன்னதைச் செய்யும் பிள்ளை. ஒரு இடத்தைத் தப்பாய்க் காட்டினால் அதே மாதிரி இருக்கிற எல்லா இடத்திலும் அதே தப்பைச் செய்யும். நல்லவேளை, நம்மிடம் தப்பில்லை.

நம் நிலம் முழுக்கக் கரும்பச்சை. கோடைத் தண்ணீர் உனக்கு நிச்சயம், ஏப்ரலிலும் மதகு திறந்தே இருக்கும். கடைமடையில் எலுமிச்சை வைத்திருப்பவர்கள்தான் பாவம். மேலே இத்தனை தோப்பு என்று தெரிந்துவிட்டதால் அவர்கள் மரத்துக்குப் பாதித் தண்ணீர்கூடப் போகாது. என்ன செய்வது, வரைபடம் அப்படிச் சொல்கிறது.

தம்பி


டிசம்பர் 15

அக்காவுக்கு,

நாங்கள் சுகம். நீ?

மூன்று வாரமாய்த் தபால்காரரைப் பார்த்துப் பார்த்து அவர் இப்போது என்னைக் கண்டால் தெருவின் எதிர்ப்பக்கம் போகிறார். என் மேல் ஏதாவது கோபமா? எழுத நேரமில்லையென்றால் "நலம்" என்று ஒரு சொல் எழுதிப்போடு, போதும்.

தம்பி


டிசம்பர் 22

தம்பிக்கு,

இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மிச்சத்தைப் படித்துவிட்டு நான் இங்கே மூலையில் உட்கார்ந்து அழுவதாக நினைப்பாய்.

நம் நிலத்தில் ஒரு கொய்யா மரம்கூட இல்லை.

உன் கல்யாணத்துக்கு அடுத்த மழையில் வெள்ளம் வந்து தோப்பில் தண்ணீர் நின்றது உனக்குத் தெரியும். வடிந்துவிட்டது, எல்லாம் சரி என்று சொன்னேன். சரியாகவில்லை. முதலில் ஒரு மரம் உச்சியில் மஞ்சளானது. இலை கொட்டியது, பட்டை வெடித்தது. அப்புறம் பக்கத்து மரம். வாடல் நோய் என்றார்கள். மருந்து ஊற்றினோம், மண்ணைக் கொத்திவிட்டோம், பட்டதை வெட்டி எரித்தோம். தினமும் காலையில் எழுந்து இன்றைக்கு எந்த மரம் என்று பார்க்கப் போவேன். அந்த வருடம் முழுக்க அதுதான் என் வேலை. கடைசியில் மிச்சமிருந்ததையும் வெட்டச் சொல்லி நானே ஆளைக் கூப்பிட்டேன். உன் மாமா வெளியே வரவேயில்லை.

இப்போது அங்கே இருப்பது தீவனப்புல். என் தலைக்கு மேலே நிற்கிறது. ஐந்து மாடு வைத்திருக்கிறேன். அக்கம்பக்கத்துப் பாலையெல்லாம் நம் வாசலில்தான் ஊற்றுகிறார்கள், வண்டி வந்து எடுத்துப்போகிறது. உண்மையைச் சொன்னால் எனக்குக் கொய்யாவைவிட மாடுதான் பிடித்திருக்கிறது. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். நீ எப்போது பேசினாலும் நம் தோப்பு, நம் தோப்பு என்பாய். மாடி வீட்டில் இருந்துகொண்டு அதை நினைத்துச் சந்தோஷப்படுகிறவனிடம் எந்த வாயால் சொல்வது? நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன், மூன்று வருடம் ஓடிவிட்டது. போனில் நீ மரத்தைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம்தான் நான் சண்டையை ஆரம்பித்தேன். நீ கவனிக்கவில்லை.

கூடையில் வந்தது சந்தைப் பழம். மாமா உட்கார்ந்து ஒவ்வொன்றிலும் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்தார். மணமே தனி என்று நீ எழுதியதைப் படித்து நாங்கள் சிரித்த சிரிப்பில் மாடு மிரண்டது. அதற்கு மட்டும் நான் மன்னிப்புக் கேட்கமாட்டேன்.

போன கடிதம் வந்த அன்று மாமா சொன்னார்: "நாம வாயைத் திறக்கலேன்னா நமக்குக் கோடைத் தண்ணி, அவனுக்கு வேலை. யாரு வந்து கேக்கப்போறா?" நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன், இத்தனை நாளும். ஏப்ரலில் மதகு திறந்திருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதி என்று உனக்குத் தெரியாது. கிணற்றுத் தண்ணீரை நம்பி ஐந்து மாட்டுக்குப் புல் வளர்க்க முடியாது. ஆனால் கடைமடையில் எவளோ ஒருத்தி தினமும் காலையில் எழுந்து எந்த மரம் என்று பார்க்கப் போவாள். அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. வெள்ளத்துக்குப் பிறகு இங்கே ஆற்றோரத்தில் பாதிப் பேர் புல்தான் போட்டிருக்கிறார்கள். நம் புல்லைத் தோப்பு என்று நீ காட்டினாய், அவர்கள் புல்லும் தோப்பாகிவிட்டது. உன் கணினியைக் குறை சொல்லாதே, அது பாவம்.

உன் வேலைக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை. அதை நினைக்கும்போதுதான் பயமாய் இருக்கிறது.

அக்கா


ஜனவரி 10

அண்ணிக்கு வணக்கம்.

நான் நன்றாய் இருக்கிறேன். உங்கள் தம்பியும் உடம்பளவில் நன்றாய் இருக்கிறார், வேளைக்குச் சாப்பிடுகிறார். நான் எழுதுவது அவருக்குத் தெரியாது.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுப் பால்கனியில் போய் நின்றார். என்ன என்று கேட்டதற்கு, "தோப்பு இல்லையாம்" என்று மட்டும் சொன்னார். அப்புறம் ஒரு வாரம் அந்தப் பேச்சே இல்லை. கடிதம் மட்டும் சட்டைப்பையிலேயே இருந்தது, துவைக்கும்போது நான்தான் எடுத்துவைத்தேன். போன ஞாயிற்றுக்கிழமை திடீரென்று, "இது அக்காவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்" என்றார். "எனக்கும் தெரியுமே" என்றேன். அன்றைக்கு எல்லாப் பாத்திரத்தையும் அவரே கழுவினார்.

வேலை உத்தரவும் வரைபடமும் இந்த மாதக் கடைசியில் கையெழுத்தாகிறது. அதற்குள் அவர் வாயைத் திறந்தால் வேலை போனாலும் போகும். திறக்கும்படியும் நான் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. எதைச் சொன்னாலும் பின்னாளில் என்னைத்தான் கைகாட்டுவார். திரைச்சீலைத் துணியை மட்டும் இன்னும் வெட்டாமல் வைத்திருக்கிறேன்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். அன்றைக்கு வந்த பழத்தில் ஒன்றில் ஸ்டிக்கர் அப்படியே இருந்தது. அவர் பார்ப்பதற்குள் நான் எடுத்துவிட்டேன். அவர் அவ்வளவு சந்தோஷமாய்ப் பேசிக்கொண்டிருந்தார்.

அண்ணனுக்கு என் வணக்கம் சொல்லுங்கள்.

உங்கள் தம்பி மனைவி


ஜனவரி 28

அக்காவுக்கு,

கோபத்தோடுதான் எழுதுகிறேன். சௌக்கியம் விசாரிக்கிற மனநிலை இல்லை. இருந்தாலும் முழங்கால் எப்படி?

மரத்தை வெட்டியதற்குக் கோபம் இல்லை. உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான் அழுதேன், சொல்வதற்கு வெட்கமில்லை. வருடம் முழுக்கத் தினமும் காலையில் நீ தனியாய்ப் போய்ப் பார்த்திருக்கிறாய், நான் இங்கே இருந்துகொண்டு பழம் அனுப்பு என்று கேட்டிருக்கிறேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வந்திருக்கமாட்டேனா? கோபம் அதற்குத்தான். ஸ்டிக்கருக்கும் கோபம் உண்டு.

விஷயத்துக்கு வருகிறேன். பல நாள் பூதக்கண்ணாடியின் அறை வாசல் வரை போய்த் திரும்பினேன். "என்ன, கதவுக்கு அளவு எடுக்கிறியா?" என்று அவரே ஒருநாள் கூப்பிட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என் மாதிரித் தாள்களைப் புரட்டி, நம் தோப்புப் போட்டோவை எடுத்து மூக்குக்குப் பக்கத்தில் பிடித்தார்.

"இந்த ஓரத்துல ஒரு முழங்கை தெரியுதே, யாரோடது?"

"எங்க அக்காவோடது மேடம்."

"இதை நான் அக்டோபர்லயே பார்த்தேன். நீ அங்க போனப்ப அவங்க பக்கத்துல நின்னிருந்தாங்கன்னு நினைச்சேன். போகவே இல்லையா?"

"இல்ல மேடம்."

"அவங்க நிலத்தையே பாடமா வெச்சு அவங்க நிலத்துலயே பரீட்சையும் வெச்சிருக்க. வினாத்தாளைப் பார்த்துட்டு எழுதினா தொண்ணூத்தேழு ஏன் வராது? நானும் அதுக்குத் தலையாட்டிருக்கேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்க அக்காவுக்கு இதனால தண்ணி இல்லாம போயிடுமே. தெரிஞ்சேவா சொன்னாங்க?"

"தெரிஞ்சுதான் சொன்னாங்க."

வேலையைவிட்டு அனுப்பவில்லை. நிரந்தர உத்தரவைத் தனியே எடுத்து அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார், அடுத்த வருடம் பார்க்கலாம் என்று. அதுவரை தற்காலிகம்தான். வரைபடத்தை நிறுத்திவைத்துவிட்டார். ஒவ்வொரு மாதிரி இடத்துக்கும் நானே போய் நின்று திரும்ப எழுத வேண்டும், அதுவும் முதலில் உன் நிலம். வருகிற வாரம் கிளம்புகிறேன். பாலம் உடைந்திருக்கிறது என்று எழுதாதே. அது நல்ல பாலம்தான் என்று டிரைவர் சொல்லிவிட்டார்.

தம்பி


மார்ச் 2

வாண்டுக்கு,

நீ பத்திரமாய்ப் போய்ச் சேர்ந்ததாய் உன் பெண்டாட்டி தகவல் சொன்னாள். கால் கொப்புளம் ஆறிவிட்டதா? ஊர் ஊராய் நடப்பதென்றால் பழைய செருப்பைப் போட்டுக்கொண்டு நட, அலங்காரத்தைப் பிறகு பார்க்கலாம்.

நீ போனதிலிருந்து மாமா உன்னைப் போலவே நடித்துக் காட்டிக்கொண்டிருக்கிறார். புல்லுக்குள் நீ நுழைந்ததும் ஆளே தெரியவில்லை, கையில் பிடித்த கருவி மட்டும் மேலே நகர்ந்துகொண்டிருந்தது. "அக்கா, எங்க இருக்கேன்?" என்று உள்ளேயிருந்து கத்தினாய். எங்கே இருக்கிறோம் என்று சொல்வதற்குத்தானே அந்தக் கருவி! செவலை மாடு உன் தொப்பியைத் தின்றதற்கு நான் பொறுப்பில்லை. உனக்கு அதைப் பிடிக்கவில்லை என்றாலும் அதற்கு உன்னைப் பிடித்திருந்தது.

பழைய மரம் ஒன்றின் அடிக்கட்டையாவது இருக்கிறதா என்று நீ காலால் துழாவியதைப் பார்த்தேன். எல்லாவற்றையும் தோண்டி எடுத்தாயிற்று என்று சொல்ல வந்தேன், அதற்குள் நீயே திரும்பிவிட்டாய். தாளில் என்ன பயிர் என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றாய்! "தீவனப்புல்னு நல்லா தெளிவா எழுதுடா" என்று நான் சொன்ன பிறகுதான் எழுதினாய். என் முகத்தை உனக்குக் காட்டக்கூடாது என்று மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டேன்.

அப்புறம் சாப்பிட உட்கார்ந்தோம், கை காய்வதற்குள் சண்டை போட்டோம். எதற்கு என்று இப்போது நினைவில்லை. போனில் போடுகிற சண்டையைவிட நேரில் போடுகிறது ருசியாய்த்தான் இருக்கிறது.

அக்கா


ஏப்ரல் 8

அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். வெயில்தான் ஆளை வாட்டுகிறது. இவள் திரைச்சீலையைத் தைத்தே விட்டாள். வேலை நிரந்தரமாகிறவரை வெயில் காத்திருக்காதாம்.

புது வரைபடம் கையெழுத்தாகிவிட்டது. பரீட்சையில் எண்பத்தாறுதான். பூதக்கண்ணாடி அதைப் பார்த்து, "இதுதான் மார்க்" என்றார். தோப்பு இரண்டு மடங்காகவில்லை. நம் பக்கம் பழைய சர்வேயைவிடக் குறைந்துதான் போயிருக்கிறது. நம் நிலம் இளம்பச்சை. கடைமடை கரும்பச்சை.

மதகு உத்தரவும் வந்துவிட்டது. இருபதாம் தேதியிலிருந்து மழை வரும்வரை உங்கள் மதகு மூடியிருக்கும், தண்ணீர் நேரே கீழே போகும். அந்த உத்தரவில் காரணம் என்று என் வரைபடத்தின் எண்ணைத்தான் போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு ஒருமாதிரி இருக்கிறது. உன் கிணறு எவ்வளவு தாங்கும்? என் மேல் வருத்தம் என்றால் மறைக்காமல் எழுது. மறைத்தால் என்ன ஆகும் என்று நம் இரண்டு பேருக்கும் தெரியும்.

தம்பி


மே 14

வாண்டுக்கு,

இங்கே எல்லோருக்கும் தாகம், வேறு குறையில்லை. மாமா கிணற்று மோட்டாரைக் குழந்தை மாதிரி பார்த்துக்கொள்கிறார். என் முழங்கால்கூட வெயிலுக்கு நன்றாய்த்தான் இருக்கிறது. திரைச்சீலை என்ன நிறம் என்று எழுதச் சொல்.

மறைக்காமல் எழுது என்றாய். ஐந்து மாட்டுக்குப் புல் போதவில்லை. இரண்டைக் கொடுத்துவிட்டேன். அதில் உன் தொப்பியைத் தின்ற செவலையும் ஒன்று. வாங்கியவர் நல்லவர், மலையடியில் மேய்ச்சல் உண்டு. கொடுத்த அன்று பழக்கத்தில் ஐந்து பங்காய்ப் புல்லைப் பிரித்துவிட்டேன். மூன்று மாட்டை இந்தக் கோடைக்குக் காப்பாற்றிவிடுவேன். உன் மேல் வருத்தம் இல்லை. இருந்தால் போன் செய்து சண்டை போட்டிருப்பேன்.

மதகு மூடியதிலிருந்து வாசலில் பால் ஊற்ற வருகிறவர்களுக்கு வேறு பேச்சில்லை. எவனோ ஆபீசில் உட்கார்ந்து படத்தைப் பார்த்து நம் தண்ணீரை நிறுத்திவிட்டானாம். நான் பாலை அளந்து ஊற்றிக்கொண்டு காது கேட்காதவள் மாதிரி இருந்தேன். ஆனால் பேச்சு நாளுக்கு நாள் நீண்டது. நேற்று ஆற்றோரத்துப் பெரியவர், நம்மைவிட இரண்டு பங்கு புல் போட்டிருப்பவர், கேனைக் கீழே வைத்துவிட்டு, "எந்தப் புண்ணியவான் வேலைம்மா இது? பேரு தெரிஞ்சா நல்லா நாலு வார்த்தை கேக்கலாம்" என்றார்.

உன் மாமா கண்ணைக் காட்டினார், சொல்லாதே என்று.

"என் தம்பிதான்" என்றேன்.

பெரியவர் நம் வரப்பைப் பார்த்தார், காய்ந்த வாய்க்காலைப் பார்த்தார், கட்டுத்தறியில் இரண்டு இடம் காலியாய் இருப்பதையும் பார்த்தார்.

"சொந்த அக்கா நெலத்துக்கேவா மூடினான்?"

"ஆமா."

"அப்ப சரியாத்தான் பார்த்திருப்பான்" என்று சொல்லிவிட்டு, பாலை ஊற்றிவிட்டுப் போனார்.

அக்கா